கிளட்ச் மாற்றிய பிறகும் தகராறா? கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

புது கிளட்ச் போட்டு வேனை எடுத்து வந்த மூன்றாம் நாள். எங்கள் புளோக்கின் மல்டி ஸ்டோரி கார்பார்க்கில் நாலாவது மாடி, லாட்டுக்குள் விடுவதற்காக ரிவர்ஸ் போட்டேன். கர்ர்ர் என்று ஒரு சத்தம். பக்கத்து லாட்டில் பூட்டைத் திறந்துகொண்டிருந்த அங்கிள் சாவியோடு திரும்பிப் பார்த்தார்.

ஒர்க்ஷாப்புக்குப் போன் போட்டேன். ஜேபியிலிருந்து (ஜோகூர் பாரு) தினமும் சிங்கப்பூருக்கு வந்து வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்தான் எடுத்தான். "புது பிளேட் அண்ணே, செட் ஆகணும். ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க." ரெண்டு வாரம் ஓட்டினேன். ரிவர்ஸில் மட்டும் இருந்த சத்தம் முதல் கியருக்கும் வந்தது. மறுபடி போன் போட்டால், "அப்ப கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும். லேபர் தனியா வரும்."

அங்கேதான் நிறுத்தினேன். கிளட்ச் வேலையில் சாமான் விலையைவிடக் கூலிதான் கனம். அந்தக் கூலி முழுக்கக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான் போகிறது. அதை இரண்டாம் முறை கொடுப்பதற்கு முன், வெளியிலிருந்தே பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்துவிட வேண்டும். என் வேனில் கோளாறு கடைசியில் கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருந்தது. கீழே இருப்பது நான் அன்று பார்த்த வரிசையும், அதன் பிறகு நண்பர்களின் வண்டிகளில் கற்றுக்கொண்டதும். கையால் கியர் போடும் வண்டிகளுக்கு மட்டும்.

முதலில்: எது 'செட் ஆகிற' விஷயம், எது இல்லை

புது பிளேட் (இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் தட்டு) படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஊருக்குள் நின்று நின்று ஓட வேண்டும் என்பது உண்மைதான். அந்த நாட்களில் லேசாகக் கருகிய வாடை வரலாம். வண்டி எடுக்கும்போது வெடுக்கென்று பிடிக்கலாம். பெடல் பழசைவிட இலேசாகவும் பிடிக்கும் இடம் வேறாகவும் இருக்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

ஆனால் ரிவர்ஸில் பல் கடிப்பது, பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்வது, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துவது, பெடலை மிதித்ததும் கீச்சென்று சத்தம் வருவது, இவை நாள் போகப்போகச் சரியாகிற சாமான் இல்லை. 'ஓட்டிப் பாருங்க' என்று சொன்னால் தேதி போட்டு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

படி 1: இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள்

அரை நிமிட வேலை. இன்ஜின் அணைந்திருக்கும்போது கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியரையும் போடுங்கள். அப்போதே கியர் இறுகலாக இருந்தால் கிளட்ச்சைக் குற்றம் சொல்லாதீர்கள். கியர்பாக்ஸைக் கழற்றும்போது கியர் கேபிளையும் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது அளவு தவறியிருக்கும், அல்லது கிளிப் சரியாக உட்கார்ந்திருக்காது.

இன்ஜின் அணைந்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, ஓடும்போது மட்டும் போகமாட்டேன் என்கிறது என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது பெடலை மிதித்தும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுசாகப் பிரிக்கவில்லை. உறுதிப்படுத்த, இன்ஜின் ஓடும்போது பெடலை அடிவரை மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். சரியாக விட்டிருந்தால் அதற்குள் உள்ளே சுற்றுவது நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். காத்திருந்தும் பல் கடித்தால் பிளேட் இன்னும் இழுபட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது: காலடி மேட்டைப் பாருங்கள். நண்பர் ஒருவர் தேக்காவில் வாங்கிய தடித்த ரப்பர் மேட் பெடலுக்கு அடியில் மடங்கி, பெடல் அடிவரை போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு மேட்டுக்காக அவர் ஒருநாள் வேலையை விட்டார்.

படி 2: பெடலை 'பம்ப்' அடித்துப் பாருங்கள்

இப்போது ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் ஆயிலால் (பெரும்பாலும் பிரேக் ஆயிலேதான்) இயங்குவது. பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ள, ஆயில் பைப் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ள, அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. ஃபோர்க் ஒரு பேரிங்கைத் தள்ளிக் கிளட்ச்சை விடுவிக்கிறது. ஹையேஸ் மாதிரி வேன்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளியே தொங்கும், கைக்கு எட்டும். பல ஐரோப்பியக் கார்களில் அது கியர்பாக்ஸுக்குள்ளேயே, பேரிங்கோடு ஒட்டி இருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் வகை என்றால் ஸ்லேவ் கெட்டாலே கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும்.

பெடலை வேகமாக மூன்று நான்கு முறை மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். பம்ப் அடித்த பிறகு பெடல் கெட்டியாகி, கியர் சத்தமில்லாமல் விழுந்தால் உங்கள் புது பிளேட் நல்லாவே இருக்கிறது. கோளாறு ஆயில் பாதையில்: ஏர் புகுந்திருக்கிறது, இல்லை எங்கோ கசிகிறது.

பம்ப் அடித்தால் சரியாகி, சிக்னலில் பெடலை மிதித்தபடியே நிற்கும்போது வண்டி மெல்ல ஊரத் தொடங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்று சந்தேகப்படலாம். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது.

படி 3: ரப்பர் தொப்பியைத் திறந்து பாருங்கள்

இதில்தான் என் வேனின் கோளாறு இருந்தது.

வெளியே ஸ்லேவ் உள்ள வண்டியில், அதன் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் தொப்பி இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி நீண்டு ஃபோர்க்கில் முட்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு, தொப்பியின் விளிம்பை விரலால் விலக்கி ஒரு டிஷ்யூ பேப்பரை உள்ளே விட்டேன். கறுப்பாக, பிசுபிசுவென்று நனைந்து வந்தது. முகர்ந்தால் பிரேக் ஆயில் வாடை. வேறு ஆதாரமே தேவைப்படவில்லை.

கிளட்ச் மாற்றியபோது ஸ்லேவைத் தொடவே இல்லை. அப்படியிருக்க அது ஏன் இப்போது கசிய வேண்டும்? பழைய பிளேட் தேயத் தேய, அதை ஃபிளைவீலோடு (இன்ஜினின் பின்னால் சுற்றும் கனச் சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல் மாதிரியான வில்கள் பேரிங்கைப் பின்னால் தள்ளிக்கொண்டே வரும். அதனால் ஸ்லேவின் பிஸ்டன் வருடக்கணக்கில் சிலிண்டரின் உள்பக்கத்திலேயே ஓடிப் பழகியிருக்கும். வெளிப்பக்கத்தில் துருவும் சேறும் படிந்திருக்கும். தடிமனான புது பிளேட் போட்டதும் பிஸ்டன் வெளிப்பக்கம் நகர்ந்து அந்தத் துருவின் மேல் ஓடத் தொடங்குகிறது. பழைய ரப்பர் சீல் ரெண்டு வாரத்தில் கிழிந்துவிடும். "கிளட்ச் மாத்தினதும் ஸ்லேவ் போச்சு" என்று ஓட்டுநர்கள் சொல்வது தற்செயல் இல்லை.

மாஸ்டரையும் பார்க்க வேண்டும். பெடலுக்கு மேலே, கம்பி இன்ஜின் பக்கத்துத் தகட்டுச் சுவருக்குள் நுழையும் இடத்தைக் கையால் தடவுங்கள். கார்பெட் நனைந்திருந்தால் அங்கே கசிவு. பிறகு ரப்பர் ஹோஸ்: ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டால், பலூன் மாதிரி வீங்குகிறதா என்று விரலுக்குத் தெரியும்.

பல வண்டிகளில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் டப்பா ஒன்றுதான். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் ஊற்றி ஊற்றிச் சமாளிக்காதீர்கள். அது பிரேக் விஷயமும்கூட. கசிவைக் கண்டுபிடிக்கும் வரை ஓட்ட வேண்டாம்.

படி 4: ஏர் எடுப்பது

கசிவு இல்லை, ஆனால் பம்ப் அடித்தால் சரியாகிறது என்றால் ஏர் எடுக்க வேண்டும். கசிவு இருந்தால் சாமானை மாற்றிவிட்டுத்தான் இது. ஒர்க்ஷாப்பிலோ, இடம் உள்ளவர் வீட்டிலோ செய்யுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்பார்க் இதற்கான இடமில்லை. இரண்டு பேர் வேண்டும். பெடலை மிதிக்க வருகிறவருக்குக் ஆட்டோ கியர் மட்டும் ஓட்டும் கிளாஸ் 3ஏ லைசென்ஸ் இருந்தாலும் பரவாயில்லை, இன்ஜின் அணைந்துதான் இருக்கும். என் மனைவிதான் மிதித்தார். கிளட்ச் பெடல் உள்ள வண்டியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே, சீல் உடைக்காத புது பாட்டிலாக வாங்குங்கள். திறந்து வைத்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இன்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் எல்லா ரப்பரும் ஊதிவிடும்.

ஸ்லேவில் உள்ள நிப்பிளில் (ஏர் எடுக்கத் திறக்கும் சின்னத் திருகு) ஒரு தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். நிப்பிளுக்குப் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஸ்பேனர். மேலே இருப்பவர் பெடலை மெதுவாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயிலும் குமிழியும் வந்ததும் மூடிவிட்டு "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளியே போன ஏர் அப்படியே திரும்ப உள்ளே போகும். நாங்கள் முதல் ஐந்து முறை இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஐந்தாறு முறைக்கு ஒருதரம் டப்பாவைப் பாருங்கள், காலியானால் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

குமிழி நின்றும் பெடல் மெத்தென்றே இருந்தால், நிப்பிளைத் திறந்து பெடலைத் தொடாமல் பத்து நிமிடம் ஆயில் தானாகச் சொட்டட்டும். டப்பாவை மட்டும் நிரப்பிக்கொண்டே இருங்கள். பிடிவாதமான ஏர் சில நேரம் அப்படித்தான் வெளியே வரும்.

படி 5: ஒரு ஸ்கேல் போதும்

ஏர் எடுத்தாயிற்று, கசிவில்லை, ஆனாலும் கியர் கடிக்கிறது. இந்த இடத்தில்தான் கியர்பாக்ஸ் இறங்க வேண்டுமா வேண்டாமா என்பது முடிவாகும்.

ஸ்லேவின் கம்பியில் ஒரு கோடு போட்டு, ஒருவரை மிதிக்கச் சொல்லி, கம்பி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும், விரல் ஃபோர்க்குக்கு நடுவில் போகக்கூடாது. அளவை வண்டியின் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

நகர்வு குறைவு என்றால் கோளாறு இன்னும் வெளியேதான்: பெடல் கம்பியின் அளவு, தேய்ந்த பெடல் புஷ், மாஸ்டர். நகர்வு சரியாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் கோளாறு உள்ளே. அப்போது ஒர்க்ஷாப் சொல்வது சரி, இறக்கத்தான் வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் அவர்கள் மாட்டிய விதத்தின் கோளாறு. பிளேட்டை முன்பின் மாற்றி மாட்டியிருப்பார்கள் (எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பிளேட்டிலேயே எழுதியிருக்கும்). கியர்பாக்ஸைத் தூக்கும்போது அதன் எடையைப் பிளேட்டின் மேல் தொங்கவிட்டு வளைத்திருப்பார்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்காமல் ஒரே பக்கமாக இறுக்கியிருப்பார்கள். அல்லது சாமானே வேறு மாடலுக்கானது.

கேபிள் கிளட்ச் உள்ள பழைய வண்டி என்றால் இவ்வளவு வேலை இல்லை. பெடலின் மேலே இருக்கும் ஃப்ரீ பிளேயை (மிதிக்கத் தொடங்கும்போது வெறுமனே நகரும் தூரம்) மேனுவல் அளவுக்கு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கியர் நன்றாக விழுகிறது, ஆனால் வண்டி இழுக்கவில்லை

இது ஸ்லிப். காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் ஸ்லிப் உறுதி. ஒருமுறை பார்த்தால் போதும், ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கிளட்ச்சை விட்டுப் பார்க்கும் பழைய சோதனையைப் புது பிளேட்டில் திரும்பத் திரும்பச் செய்து சுட்டுவிடாதீர்கள்.

காலையில் நன்றாக இழுத்து, சூடானதும் ஸ்லிப் ஆகிறதா? வண்டியை நிறுத்தி ஸ்லேவ் நிப்பிளை லேசாகத் திறக்கச் சொல்லுங்கள். பெடலை யாரும் தொடாதபோதே ஆயில் பீய்ச்சியடித்து, அதன்பின் ஸ்லிப் போய்விட்டால், பெடல் கம்பி நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மாஸ்டரின் பிஸ்டன் முழுசாகத் திரும்பாததால், சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குப் போக வழியின்றிக் கிளட்ச்சைப் பாதி மிதித்தே வைத்திருக்கிறது. ஒரு நட்டைத் தளர்த்தித் திருகினால் தீரும் வேலை.

அது இல்லையென்றால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம்: இன்ஜினின் பின் சீல், கியர்பாக்ஸின் முன் சீல், அல்லது மெக்கானிக் தாராளமாகப் பூசிய கிரீஸ் சுழற்சியில் தெறித்தது. எண்ணெய் குடித்த பிளேட்டைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. சீலை மாற்றி, பிளேட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

எடுக்கும்போது உதறல்

முதலில் இன்ஜின் மவுண்டிங். கியர்பாக்ஸ் இறக்க அவற்றைக் கழற்றியிருப்பார்கள், ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலே வண்டி மாட்டுவண்டி மாதிரி உதறும். அடுத்து ஃபிளைவீல்: பழைய பிளேட் ஸ்லிப் ஆகி ஆகி அதன் முகத்தில் நீலத் தழும்புகள் விழுந்திருந்தால், லேத்தில் கொடுத்துச் சீவாமல் புது பிளேட் போட்டது வீண். புது பிரஷர் பிளேட்டில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசி வரும் எண்ணெயைத் துடைக்காமல் மாட்டினாலும் சில நாள் உதறும். எடுக்கும்போது இல்லாமல், பிஐஇ விரைவுச்சாலையில் வேகம் பிடித்த பிறகு மட்டும் அதிர்ந்தால் கிளட்ச்சைக் குற்றம் சொல்லாதீர்கள். பின்சக்கர வண்டி என்றால் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பழைய குறிப்படி மாட்டினார்களா என்று கேளுங்கள்.

சத்தம் எப்போது வருகிறது?

பெடலை மிதித்தால் வந்து, விட்டால் போகிறது: கிளட்ச் பேரிங். புது பிளேட்டோடு பழைய பேரிங்கையே போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், பில்லைப் பாருங்கள்.

நியூட்ரலில் காலை எடுத்தால் வந்து, மிதித்தால் போகிறது: கியர்பாக்ஸின் முன் பேரிங். இதைக் கேட்டதும் உடனே ஒன்றைச் சரிபாருங்கள், கியர் ஆயில் ஊற்றினார்களா? முன்சக்கர வண்டிகளில் டிரைவ் ஷாஃப்டை உருவினால் ஆயில் கொட்டிவிடும், திரும்ப ஊற்ற மறந்தால் கியர்பாக்ஸே போய்விடும். இது ஒன்றுக்கு மட்டும் 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது.

ஒர்க்ஷாப்பில் பேசும்போது

'கிளட்ச் சரியில்லை' என்று போய் நிற்காதீர்கள். 'பம்ப் அடித்தால் கியர் விழுகிறது, ஸ்லேவ் தொப்பி நனைந்திருக்கிறது' என்று டிஷ்யூவின் போட்டோவோடு போங்கள். நான் அப்படித்தான் போனேன். பையன் வேனுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாண்ணே, இது வெளிவேலைதான்" என்றான். ஒரு மணி நேரத்தில் ஸ்லேவ் மாற்றி ஏர் எடுத்து முடிந்தது.

உள்வேலை என்றே தெரிந்தால், இறக்கும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: முதல் வேலையின் தவறாக இருந்தால் கூலி யாருடையது, பழைய சாமான்களைத் திருப்பித் தருவார்களா, எந்தெந்தச் சாமான் புதுசு. பேச்சு முற்றினால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அடுத்தபடி ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் (சிறு தொகை வழக்குகளுக்கான மன்றம்): 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், வக்கீல் கிடையாது. பில்லும் தேதி போட்ட வாட்ஸ்அப்பும் அங்கேதான் பேசும். ஜேபியில் மலிவாக மாற்றியவர்களுக்கு இந்த வழி எளிதாக இருக்காது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள்.

சரியான பிறகு முதல் சில வாரம்

கார்பார்க் ஏற்றத்தில் முன்னால் கார் நின்றால் அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்காதீர்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜேபிக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் அடி அடியாக நகர்ந்தால் புது பிளேட் படியாது, கருகும். போயே ஆக வேண்டும் என்றால், முன்வண்டியோடு ஒட்டிக்கொண்டு ஊராமல், மூன்று நான்கு கார் அளவுக்கு இடைவெளி விழ விட்டு, கிளட்ச் பெடலிலிருந்து காலை முழுசாக எடுத்து முதல் கியரில் போய் நில்லுங்கள். நடுவில் யாராவது நுழைவார்கள். நுழையட்டும்.